பேச்சுப் பயிற்சி மையங்களின் வாசலில் பதிவெண் வேண்டும்

மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு மாநில ஆணையர் அவர்களுக்கு,

மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சீயமங்கலம் போன்ற ஊர்களிலிருந்து செஞ்சிக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏறும் பெற்றோருக்கு, தனியார் பேச்சுப் பயிற்சி மையத்தில் இருப்பவர் அதற்கென்று படித்தவர்தானா என்று தெரிந்துகொள்ள எளிய வழி இல்லை. சட்டம் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் வகுத்தது. ஆனால் கவுன்சில் அதிகாரம் கொடுத்த ஒருவர் எழுத்தில் புகார் தந்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்கும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கவுன்சில் இருப்பதோ டெல்லியில். ஏமாந்த தாய் தானாக நீதிமன்றப் படி ஏற முடியாத சட்டத்துக்கு யார் அஞ்சுவார்கள்?

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டை 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சியும் மறுவாழ்வும் தரும் நிறுவனம் எதுவும் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இயங்கக் கூடாது என்கிறது அதன் 50ஆம் பிரிவு. தனியார் மையம் அதற்கு விலக்கல்ல. இந்தச் சட்டம் நடைமுறையாவதைக் கண்காணிப்பதும் அரசுக்குப் பரிந்துரைப்பதும் உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு பயிற்சியாளரின் கவுன்சில் பதிவெண்ணும் வாசலில் தமிழில் தெரிய வேண்டும். முதல் மதிப்பீட்டைச் செய்தவர் பெயரும் எட்ட வேண்டிய இலக்கும் எழுதிய தாள் பெற்றோர் கையில் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் சான்றிதழுக்கு நிபந்தனையாக்கப் பரிந்துரையுங்கள்.

கண்டிப்பு காட்டினால் கிராமப்புறத்தில் இருக்கிற ஒன்றிரண்டு மையங்களும் மூடிவிடும் என்பார்கள். ஆள் பற்றாக்குறை உண்மைதான். நான்காண்டுப் பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலும் நகரங்களில்தான் தங்குகிறார்கள். ஆனால் பட்டம் பெற்றவர் மதிப்பிட்டு, காணொளி வழியாக மேற்பார்வை செய்ய, கேட்டல் மற்றும் பேச்சுத் துறையில் டிப்ளமோ முடித்தவர் அன்றாடப் பயிற்சியை நடத்தலாமே. அரசின் 'விழுதுகள்' மறுவாழ்வு சேவை மையங்களையும் இந்த மேற்பார்வைக்குப் பயன்படுத்தலாம். பற்றாக்குறைக்கு இப்படி வழி தேடலாம். படிக்காதவர் மதிப்பீடு செய்வதை ஏற்க முடியாது. காது கேளாத பிள்ளைக்குக் கேட்புச் சோதனையே செய்யாமல் மாதக்கணக்கில் சொல் சொல்லிக் கொடுத்தால், மொழி வளரும் வயது கைநழுவிப் போகும். "அங்கே போன பிள்ளைகள் பேசுகிறார்களே" என்பது இன்னொரு மறுப்பு. தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் பலர் எந்தப் பயிற்சியும் இல்லாமலே மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். ஆகவே பெற்றோரின் திருப்தி மட்டும் ஒரு மையத்தின் தரத்துக்குச் சான்றாகாது. முதல் நாள் மதிப்பீட்டையும் ஆறு மாதம் கழித்த மதிப்பீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் ஓரளவு தெரியும். நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் இந்தப் பதிவுகளை ஏற்கெனவே வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இதனால் கூடுதல் சுமை மிகக் குறைவு.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் இயங்கும் மையங்களின் பட்டியலை, பதிவுச் சான்றிதழ் உள்ளவை எவை என்ற விவரத்தோடு, முதலில் வெளியிடச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
சீயமங்கலத்திலிருந்து ஒரு குடிமகன்