மனச்சிதைவு நோய்க்கு இசைச் சிகிச்சை: எங்கள் நிலைப்பாடு

மாவட்டத்தின் பகல்நேர மையம் ஒன்றில் வாராந்திர இசை அமர்வு நிறுத்தப்பட்ட கதையை உறுப்பினர்கள் அறிவீர்கள். "பொழுதுபோக்குக்குப் பணமில்லை" என்று சொல்லப்பட்ட காரணத்துக்கு மட்டும் செயற்குழு இங்கே பதில் சொல்கிறது.

18 ஆய்வுகளையும் 1,215 பேரையும் கணக்கில் கொண்ட 2017 காக்ரேன் தொகுப்பாய்வின்படி, வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேர்ந்தால் நோயுற்றவரின் மனநிலையும் பிறரோடு பழகும் திறனும் மேம்படக்கூடும். போதிய அமர்வுகள் நடந்தால்தான் பலன். சான்றுகள் இன்னும் வலுப்பட வேண்டும் என்பதையும் ஏற்கிறோம்.

காதில் கேட்கும் குரல்களை மருந்து பெருமளவு தணிக்கிறது. பேச்சற்று, சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எழுப்ப அதனால் அவ்வளவாக முடிவதில்லை. அந்த மௌனத்தோடு வருடக்கணக்கில் வீட்டில் இருப்பவர்கள் நாங்கள். அதைக் கலைக்க உதவக்கூடிய இசை நம்மிடமே உண்டு: வில்லுப்பாட்டு நம் நாஞ்சில் மண்ணின் கலை. புலவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட வேண்டும். குடம் தட்டுபவர் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும், அடுத்தவரைக் கவனிக்க வேண்டும். நோய் எங்கள் பிள்ளைகளிடமிருந்து பறித்தவை இவைதாம். மாதக்கணக்கில் வாய் திறக்காத மகன் ஒருநாள் அந்த "ஆமா"வைச் சொல்லக் கேட்ட தாயிடம் வந்து, இது பொழுதுபோக்கு என்று சொல்லிப் பாருங்கள்!

வில்லுப்பாட்டில் வரும் உடுக்கை ஒலி சிலருக்குக் கொடைவிழாச் சாமியாட்டத்தை நினைவூட்டி அச்சம் தரலாம் என்ற கருத்தும் குழுவில் எழுந்தது. எந்தக் கருவி, எந்தப் பாட்டு என்பதை நோயுற்றவரும் மனநல மருத்துவரும் பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளரும் கலந்து முடிவு செய்வது நல்லது.

மாத்திரையை நிறுத்திவிட்டு ராகம் கேட்டால் போதும் என்போரை வன்மையாகக் கண்டிக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியோடு எரிந்து 28 பேர் இறந்ததை மறக்கவில்லை. சிகிச்சை கிடைக்காதவர்கள் எங்கே போய்ச் சேர்வார்கள் என்பதை அந்தத் தீ காட்டியது.

எங்கள் கோரிக்கைகள்:

1. நிறுத்திய அமர்வுகளை உடனே தொடங்க வேண்டும்.
2. மாவட்ட மனநலத் திட்டத்திலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இசைச் சிகிச்சையை இயன்றவரை விரைவாகச் சேர்க்க வேண்டும்.
3. வில்லுப்பாட்டுக் கலைஞர்களுக்குப் பயிற்சியும் உரிய ஊதியமும் தர வேண்டும்.

மறுவாழ்வுச் சேவை பெறுவது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். உறுப்பினர்கள் குடும்பத்தோடு வாருங்கள். உங்கள் பிள்ளை விரும்பினால் அவரையும் அழைத்து வாருங்கள்.