எட்டாத பரிசோதனைக் கட்டில்

அரசு மருத்துவமனைகள் பலவற்றின் வாசலில் இப்போது சாய்தளம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே நுழைந்துவிடுகிறார். சிக்கல் அதற்குப் பிறகுதான். பரிசோதனைக் கட்டில் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. ஏறுவதற்கு ஓர் இரும்புப் படி. ஏற முடியாதவரை இரண்டு பேர் தூக்கிக் கிடத்த வேண்டும். இல்லையென்றால் நாற்காலியில் இருந்தபடியே மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. முன்பின் தெரியாத ஆண்கள் தூக்குவார்களே என்று கூசி, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையையே தள்ளிப்போடுபவர்கள் உண்டு.

காது கேளாதவர், டோக்கன் எண்ணைக் கூவி அழைக்கும் இடத்தில் தன் முறையைத் தவறவிடுகிறார். அறைக்குள் போனாலும் மருத்துவர் பேசுவது உடன் வந்தவரிடம்தான்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25-ஆவது பிரிவில், அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, அதன் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகல் வேண்டும், சிகிச்சையில் முன்னுரிமை வேண்டும் என்கிறது. வாசலோடு கடமை முடிந்துவிடவில்லை. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பதை ஏற்காத உச்ச நீதிமன்றம், கட்டாயத் தரநிலைகளை வகுக்கும்படி 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டுக்கே மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் கொண்டுபோகிறது. மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் எக்ஸ்ரே அறை வீடு தேடி வராது. உயரத்தைக் குறைக்கக்கூடிய கட்டில், டோக்கன் எண் காட்டும் திரை, சைகைமொழி பெயர்ப்பாளரைக் காணொலியில் அழைக்கும் வசதி ஆகியவற்றை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலாவது இந்த நிதியாண்டிலேயே அமைக்கத் தொடங்க வேண்டும். கட்டிலை வாங்கும் முன் மாற்றுத்திறனாளிகளையே அழைத்து ஏறிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.