பூட்டு நம் கையில், சாவி டில்லியில்!

திரை விலகுகிறது, தோழர்களே! திருப்பூரை அடுத்து ஓர் ஓட்டு வீடு. முன்கட்டிலே குடும்பம், பின்கட்டிலே பத்துப் பவர் டேபிள்கள். பனியன் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் ஜாப் ஒர்க் பட்டறை. வாசலிலே வருவாய்த்துறை அலுவலர், இரண்டு போலீசார், கையிலே கோப்புடன் நிதி நிறுவனத்தின் ஆள்.

"ஏனுங்க, ஒரு மாசம் பொறுங்க. தச்சுக் குடுத்த கூலி இன்னும் வரலீங்க. வந்ததும் கட்டிப்போடறமுங்க" என்கிறாள் வீட்டுக்காரி.

"நான் என்னம்மா செய்யட்டும்? உத்தரவு வந்திருக்கிறது" என்கிறார் அலுவலர்.

கதவு சாத்தப்படுகிறது. பூட்டு விழுகிறது. அரக்கு முத்திரையும் விழுகிறது.

நாடகக்காரன் புனைந்த காட்சிதானே என்று எண்ணிவிடாதீர்கள். பாத்திரங்கள் மட்டுமே என் புனைவு. பூட்டு மெய், முத்திரை மெய், அந்த அலுவலரின் கையறு நிலையும் மெய். கேளுங்கள் ஒரு கேள்வி: பூட்டுப் போட்டவர் யார்? தமிழ்நாட்டு அரசின் ஊழியர். துணை நின்ற காவலர் யார்? தமிழ்நாட்டுக் காவலர். பூட்டச் சொன்ன சட்டம் எவருடையது? டில்லியினுடையது! அதைத் திறக்க, தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலே கைதூக்கும் உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஒன்று கூடினாலும் இயலாது.

சட்டத்தின் பெயர் 'சர்ஃபேசி'. 2002 ஆம் ஆண்டிலே பிறந்தது. தவணை 90 நாள் தவறினால் கடன் 'வாராக் கடன்' ஆகிறது. பின்னர் 60 நாள் கெடு வைத்து அறிவிப்பு. கெடு கடந்தால், நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்காமலேயே ஈடு வைத்த சொத்தைக் கைப்பற்றி விற்கலாம். 14 ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரையோ தலைமைக் குற்றவியல் நடுவரையோ துணைக்கு அழைக்கலாம். அழைத்தால் அவர்கள் ஆளனுப்ப வேண்டும். கடன் வாங்கியவன் பக்கத்து நியாயத்தை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. உரிமையியல் நீதிமன்றத்தின் கதவையும் 34 ஆம் பிரிவு அடைத்துவிட்டது. முறையிட வேண்டுமா? கோவையிலே இருக்கிறது கடன் மீட்புத் தீர்ப்பாயம், அங்கே செல்க!

தொடக்கத்தில் இந்த ஆயுதம் எல்லா நிதி நிறுவனங்களின் கையிலும் இருந்ததில்லை. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் 1 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கே அதை ஏந்தலாம் என்றிருந்தது. 2020 இல் அந்த எல்லை 50 லட்சமாயிற்று. 2021 இல் 20 லட்சமாயிற்று. கோடீசுவரனின் மாளிகையை நோக்கி நின்ற பீரங்கி, மெள்ள மெள்ளத் தாழ்ந்து, பவர் டேபிள் போட்டவனின் ஓட்டு வீட்டை நோக்கித் திரும்பிற்று. பனியன் தொழிலிலே வீட்டுக் கடன், தொழில் கடன் என்று இரண்டு தனித்தனியாக நிற்பதில்லையே! ஓவர்லாக் எந்திரம் வாங்கவும், நூலுக்கு முன்பணம் கட்டவும், அப்பன் கட்டிய வீட்டின் பத்திரம்தானே ஈடாகப் போகிறது!

விதிகள் யாவும் கொடியவை என்று பேசினால் நான் பொய்யனாவேன். வீட்டுக் கடன் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு 2019 ஆகஸ்டில் தேசிய வீட்டுவசதி வங்கியிடமிருந்து ரிசர்வ் வங்கிக்கு மாறிற்று. அதன் பிறகு கடிவாளம் சற்று இறுகியது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன் கேட்டுத் தொலைபேசியில் தொல்லை தரலாகாது என்று 2022 இல் சொல்லப்பட்டது. கடன் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023 இல் விதிக்கப்பட்டது. தவணை தவறியதற்கான அபராதத்தை வட்டியாக்கி, அந்த வட்டிக்கும் வட்டி போடும் வித்தைக்கு 2024 இல் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. நிறுவனங்கள் முணுமுணுத்தன: கணக்கு முறையை மாற்ற வேண்டும், ஆட்களைப் பழக்க வேண்டும், செலவு கூடும் என்று. கூடட்டுமே! பிறர் வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருப்பவன் பெட்டிக்குக் காவல் போடுவது செலவா, கடமையா?

நல்லதைச் செய்தார்கள்; பாராட்டுவோம். ஆனால் நல்லதோ கெட்டதோ, அதை எழுதும் பேனா எங்கே இருக்கிறது? மும்பையிலும் டில்லியிலும்! திருப்பூரைக் காணாத கண், திருப்பூருக்குக் கோடு கிழிக்கிறது. அதன் விளைவுக்கு ஒரு சான்று தருகிறேன்.

2025 ஆகஸ்டு 27. நம் நாட்டுப் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த வரி 50 விழுக்காடாக உயர்ந்த நாள். திருப்பூரிலே திகில். நவம்பர் 14 அன்று ரிசர்வ் வங்கி ஒரு நிவாரணம் அறிவித்தது: செப்டம்பர் முதல் டிசம்பர் முடியச் செலுத்த வேண்டிய தவணைகளுக்கு அவகாசம், அந்தக் காலத்துக்குத் தனி வட்டியே, கூட்டு வட்டி இல்லை. நல்ல மருந்துதான். ஆனால் யாருக்கு? குறிப்பிட்ட துறைகளின் ஏற்றுமதியாளருக்கு. அதிலும் ஆகஸ்டு 31 அன்று ஏற்றுமதிக் கடன் நிலுவையில் இருந்தோருக்கு!

ஒரு பனியன் கப்பலேறுமுன் எத்தனை கைகளைக் கடக்கிறது! நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காம்பாக்டிங் ஒருவர், பிரிண்டிங் ஒருவர், தையல் ஒருவர், செக்கிங் ஒருவர். ஏற்றுமதிக் கடன் கடைசிக் கையில் இருப்பவர் பெயரிலே. மற்றவர்களோ கூலிக்குச் செய்து கொடுப்போர். ஆர்டர் நின்றால் முதலில் நிற்பது அவர்கள் எந்திரம். நிவாரணம் வந்தபோது வரிசையிலே அவர்களுக்கு இடமில்லை. அடி மரத்துக்கு, மருந்து உச்சிக் கிளைக்கு! எழுதியவர் இரக்கமற்றவர் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சங்கிலியை அறிந்தவரிடம் அவர் கேட்கவில்லை. கேட்டாக வேண்டும் என்ற விதியும் இல்லை.

"மாநில அரசு சட்டம் செய்யட்டுமே" என்பார்கள். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டுங்கள். மாநிலப் பட்டியலின் 30 ஆம் இனம், கடன் கொடுத்தல் தொழிலும் கடன் கொடுப்போரும்! அந்த அதிகாரத்தால் 1957 இல் கடன் கொடுப்போர் சட்டம் செய்தது இந்த மாநிலம். ஆனால், ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களைக் கேரள, குசராத் மாநிலங்களின் கடன் கொடுப்போர் சட்டங்கள் கட்டுப்படுத்தா என்று 2022 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியலிலே பெயர் இருக்கிறது. பந்தியிலே இலை இல்லை! தெருமுனை வட்டிக்காரனை மாநிலம் தட்டிக் கேட்கலாம். பல மாடிக் கட்டடத்து நிறுவனத்தின் முன் கைகட்டி நின்று, அது கேட்டால் பூட்டும் எடுத்துக் கொடுக்கலாம்.

அமெரிக்காவைப் பாருங்கள், முதலாளித்துவத்தின் தலைவாசல் அது! 2008 இல் வீட்டுக் கடன் கோட்டை இடிந்த பிறகு, தவணை 120 நாளுக்கு மேல் தவறினாலன்றி வீட்டைப் பறிக்கும் நடவடிக்கையைத் தொடங்கலாகாது என்று 2014 முதல் அங்கே மத்திய விதி வந்தது. உரிய காலத்தில் உதவி கோரி முழு மனு கொடுத்தால், அதை ஆய்ந்து முடிக்கும் வரை ஏலத்துக்குப் போகலாகாது என்றும் விதித்தனர். அதற்கு மேலும், வீட்டைப் பறிக்கும் முறையை வகுக்கும் சட்டம் அங்கே மாநிலங்களின் கையிலே. கலிபோர்னியா 2013 இல் வீட்டுரிமையாளருக்கென உரிமைச் சட்டமே நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அதனால் அமெரிக்கா உடைந்தா போயிற்று?

மாநிலத்துக்கு ஒரு விதி என்றால் கடன் கொடுக்க எவரும் வரமாட்டார், வட்டி ஏறும் என்று அச்சுறுத்துவோர் உண்டு. அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை; கடன் இல்லாமல் திருப்பூர் இல்லை. ஆகவேதான் கடனை ரத்து செய் என்று கேட்கவில்லை. கேட்பவை நான்கு. குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பூட்டுமுன், அவகாசம் கோரும் மனு ஆராயப்பட வேண்டும். 14 ஆம் பிரிவின்படி ஆளனுப்பும் ஆட்சியருக்கு, அதைக் கேட்டறியும் உரிமை வேண்டும். தொழில் நெருக்கடி நிவாரணம் ஜாப் ஒர்க் செய்வோருக்கும் எட்ட வேண்டும்; அவர்களின் சரக்கு வரிக் கணக்கே சான்றாகட்டும். விதி எழுதுமுன் மாநிலத்தைக் கலந்து பேசுதல் கட்டாயமாக வேண்டும்.

இவை கிடைக்கும் வரை நமக்கு வேலை இல்லையா? உண்டு. அறிவிப்புக் கிடைத்த வீட்டிலே அழுகுரல் கேட்கும். காகிதத்தைப் படிப்பவர் இருக்கமாட்டார். நீங்கள் படியுங்கள்! கெடு நாளுக்குள் எழுத்திலே ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளில் நிறுவனம் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும் என்று சொல்லுங்கள். சொத்தைக் கைப்பற்றினால் 45 நாளுக்குள் கோவைத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்று சொல்லுங்கள். மேடையிலே முழங்குவது ஒரு பணி. திண்ணையிலே அமர்ந்து ஒரு குடும்பத்துக்கு அறிவிப்பைப் படித்துக் காட்டுவது அதனினும் பெரும் பணி.

பூட்டை நம் கையில் கொடுத்தார்கள். சாவியிலும் பங்கு கேட்போம். பூட்டுவதற்கு முன்பே கேட்போம்!