வள்ளல் மரபும் பதிப்பக மரபும்

தமிழிலக்கிய வரலாற்றைக் கற்கும் நாம் புலவர்தம் பெயரைப் போற்றுகின்றோம். நூற்பெயரை மனனம் செய்கின்றோம். அந்நூலை மக்கள் கையில் கொண்டு சேர்த்தவர் யாவர் என்னும் வினாவை மட்டும் எழுப்புவதில்லை. உமறுப்புலவரைப் பேசுமிடத்துச் சீதக்காதி வள்ளலையும் அபுல்காசிம் மரைக்காயரையும் மறவாது பேசும் நல்மரபு நம்மிடை உண்டு. ஆயினும், ஏட்டிலிருந்த சீறாப்புராணத்தை 1842இல் அச்சேற்றிய செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் பெயரை நம் மாணாக்கருள் எத்துணைப் பேர் அறிவர்?

அச்சுக் காலத்தில் வள்ளலின் இடத்தைப் பதிப்பகம் ஏற்றது என்பது எமது துணிபு. வள்ளல் புலவரைப் புரந்தார். பதிப்பகமோ எழுதுவோரையும் படிப்போரையும் ஒருங்கே புரக்க வேண்டியதாயிற்று. இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அம்பத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையில், கடைசல் பட்டறைகளுக்கும் வார்ப்பாலைகளுக்கும் நடுவே, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் தலைமையகம் உள்ளது. ஆவடியிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் நாள்தோறும் அவ்வழியே பயணம் செய்யும் மாணவர் பலர், அங்கே இரும்பு மட்டுமன்று, எழுத்தும் உருவாகின்றது என்பதை அறியார்.

1951இல் பொதுவுடைமை இயக்கத்தின் அரவணைப்பில் தோன்றியது இந்நிறுவனம். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் ஆகியவை தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய நூல்கள் இதன் வழியே தமிழகமெங்கும் பரவின. உறுதியான கட்டமைப்பு, தெளிவான அச்சு, எளியோர்க்கும் எட்டும் விலை ஆகிய மூன்றும் அந்நூல்களின் இலக்கணம். ரா. கிருஷ்ணையாவின் தமிழில் தல்ஸ்தோயின் ‘புத்துயிர்ப்பு’ வந்தது. தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ வந்தது. கிர்கீசிய நாட்டு எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘ஜமீலா’வும் ‘முதல் ஆசிரியர்’ என்னும் குறுநாவலும் வந்தன. பெரல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ அறிவியலை விளையாட்டாகக் கற்பித்தது. தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் ‘தாய்’ மீண்டும் மீண்டும் அச்சாயிற்று. நூலகம் இல்லாத ஊர்களுக்கும் நடமாடும் புத்தக ஊர்திகளை அனுப்பியது இந்நிறுவனத்தின் தனிச்சிறப்பு. வாசகன் கடையைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், கடையே வாசகனைத் தேடிச் சென்றது.

“கட்சிச் சார்புடைய பதிப்பகத்தைத் தமிழ்த்துறை ஏன் கொண்டாட வேண்டும்?” என வினவுவார் உளர். வினா நேரியதே. ஆயின், விடையை அதன் நூற்பட்டியலில் தேடுதல் வேண்டும். பேராசிரியர் நா. வானமாமலை பலர்தம் துணையுடன் தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இல் இங்கிருந்து வெளிவந்தது. பல்கலைக்கழகங்களில் நாட்டார் வழக்காறு தனித்துறையாக வளராத காலம் அது. நடவு நட்டோர், ஏற்றம் இறைத்தோர், தாலாட்டுப் பாடிய தாய்மார் ஆகியோரின் வாய்மொழி, இலக்கியம் என்னும் தகுதியோடு அச்சேறியது. இதனை ஒரு கட்சியின் உடைமை என்று கூற இயலுமா? அது தமிழின் உடைமை அன்றோ!

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. மாஸ்கோவிலிருந்து வந்த நூல்வரத்து நின்றது. பிறர் அனுப்பிய நூல்களை விற்று வளர்ந்த நிறுவனம் அத்தோடு மூடப்படும் என்றே எவரும் கருதியிருப்பர். ஆனால் அது பழைய மொழிபெயர்ப்புகளை மறுபதிப்புச் செய்தது. தன் சொந்த நூல்களைப் பெருக்கியது. தியாகு சிறையிலிருந்து மொழிபெயர்த்த மார்க்சின் ‘மூலதனம்’ 1998இல் வெளிவந்தது. பாவை பப்ளிகேஷன்ஸ் துணை நிறுவனமாயிற்று. ‘உங்கள் நூலகம்’ என்னும் இதழ் நூல்களைப் பற்றியே பேசியது.

டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலை இந்நிறுவனம் 2010இல் வெளியிட்டது; 2012ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமி விருது அதற்குக் கிடைத்தது. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரின் வாழ்வைக் கூறும் நூல் அது. தோல் வணிகம் நம் சமுதாயத்திற்கு அயலானதன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அத்தொழிலால் வளம் பெற்ற பெருமக்கள் பள்ளிகளும் கல்லூரிகளும் கண்டனர் என்பது வரலாறு. அந்த வளத்தின் அடியில், சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்ற கால்களும் இருந்தன. அக்கால்களின் கதையைப் படித்தல் நமக்கு இழுக்கன்று, கடமை. நமக்கு உவப்பானதை மட்டுமன்றி, நாம் கேட்க வேண்டியதையும் அச்சிடுவதே நல்ல பதிப்பகத்தின் இலக்கணம்.

இனி நாம் செய்யத்தக்கவை இரண்டு. நம் கல்லூரி நூலகங்களில் பழைய மாஸ்கோ பதிப்புகள் அட்டை கிழிந்து கிடக்குமாயின், அவற்றைப் பழைய தாளோடு எடைக்குப் போடுதல் கூடாது. அன்று அவற்றை அச்சிட்ட சோவியத் நாடு இன்று இல்லை. அப்படிகளும் அழிந்தால் ஒரு காலத்தின் சான்று அழியும். மற்றொன்று, உ.வே.சா., சி.வை. தாமோதரம் பிள்ளை ஆகியோரோடு பதிப்பு வரலாற்றை முடித்துவிடும் வழக்கத்தை விடுத்து, இருபதாம் நூற்றாண்டுப் பதிப்பகங்களையும் ஆய்வுப் பொருளாக்குதல் வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பதிப்பகத்தைத் தேர்ந்து, அது வெளியிட்ட நூல்கள், பதிப்பாண்டு, விலை, மொழிபெயர்த்தோர் பெயர் ஆகியவற்றைத் தொகுத்தால், சில ஆண்டுகளில் இத்துறை ஓர் அரிய ஆவணத்தைத் தமிழுலகுக்கு வழங்கும்.

நூலைத் திறந்ததும் ஆசிரியர் பெயரைப் பார்க்கும் நம் கண், அடுத்த பக்கத்தையும் பார்க்கப் பழகுக. வெளியிட்டோர் பெயரும் ஆண்டும் சிற்றெழுத்தில் அங்கே உள்ளன. சீதக்காதியை மறவாத சமுதாயம் அச்சிற்றெழுத்தையும் மறத்தல் தகாது.