சீமைக்குப் போன கோஷ்டியும் மண் குவளையும்

கோடை பிறந்து, கண்மாய்கள் வற்றி, அறுத்த வயல்கள் காய்ந்து கிடக்கும் நாட்களில் திண்டுக்கல் ஜில்லாவின் சமவெளிக் கிராமங்களில் கிரிக்கெட் பந்தயங்கள் தொடங்கிவிடுகின்றன. வேடசந்தூர்ப் பக்கத்திலும், நிலக்கோட்டைப் பக்கத்திலும், ஆத்தூர், வத்தலக்குண்டு வட்டாரங்களிலும் சாலையோரத்துத் தட்டிகள் இவற்றை அறிவிக்கின்றன. முதற் பரிசு இன்னார் அளிப்பது, இரண்டாம் பரிசு இன்னார் அளிப்பது, கோப்பை இன்ன கட்சியின் இன்ன பொறுப்பாளர் உபயம் என்று பெயர்களும் முகங்களுமாக அத்தட்டிகள் நிறைந்திருக்கின்றன. சில இடங்களில் கோப்பையோடு ஆட்டுக்கிடாயும் உண்டு. நத்தத்திலுள்ள கல்லூரி மைதானத்தில் விளக்கொளியில் நடந்துள்ள தமிழ்நாடு பிரிமியர் லீக் ஆட்டங்களும், 2024-ல் திண்டுக்கல் டிராகன்ஸ் கோஷ்டி அந்தக் கோப்பையை வென்றதும் இந்த உற்சாகத்துக்கு மேலும் நெய் வார்த்தன. இளைஞர் கூடி ஆடுவது நன்று. அதைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. ஆனால் இப்பந்தயங்களில் ஒரு விஷயத்தை நாம் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம், கண்டும் பேசாதிருக்கிறோம். அதைச் சொல்லுமுன், 1911-ம் வருஷத்தில் சீமைக்குச் சென்ற இந்தியக் கிரிக்கெட் கோஷ்டியின் சரித்திரத்தை நமது வாசகர்களுக்கு, முக்கியமாகப் பொதுவாழ்வில் உழைக்கும் அன்பர்களுக்கு, நினைவூட்ட விரும்புகிறோம்.

அதற்கு முன்பும் இந்நாட்டார் சிலர் பந்தும் மட்டையுமாகக் கப்பலேறியதுண்டு. 1886-ல் பம்பாய்ப் பார்ஸிகள் சென்று 28 ஆட்டங்கள் ஆடி ஒன்றே ஒன்றில் வென்று திரும்பினர். ஆயினும் அவர்கள் ஒரு சமூகத்தாரின் பிரதிநிதிகளே. இந்தியா முழுமையின் பெயரால் கடல் கடந்த முதற்கோஷ்டி 1911-ல் சென்றதுதான். அதை அனுப்பிய முயற்சி பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் இழுபட்டது. இடையில் ஒருமுறை, எந்த மதத்தாருக்கு எத்தனை ஸ்தானம் என்ற தகராறிலேயே ஏற்பாடு முறிந்து போயிற்று. பின்னர், வங்காளப் பிரிவினையை ஒட்டி எழுந்த கொந்தளிப்பும், 1909-ல் லண்டனிலேயே கர்ஸன் வைலி சுடப்பட்டதும் சேர்ந்து, இந்தியன் என்றாலே ஆங்கிலேயர் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் நிலை வந்தது. அப்போதுதான் சமஸ்தானாதிபதிகளும் பெரும் செல்வர்களும் பணம் திரட்டினார்கள். ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் முடிசூட்டு விழா நடக்கும் கோடையில் ஒரு கோஷ்டியை அனுப்பினால், இந்தியர்கள் வெடிகுண்டு எறிபவர்களல்லர், ராஜ விசுவாசமுள்ள பிரஜைகள் என்று காட்டலாம் என்பதே அவர்கள் எண்ணம். ஆட்டக்காரர்கள் பொறுக்கப்பட்ட விதத்தைக் கேளுங்கள்: பார்ஸிகள் ஆறு, ஹிந்துக்கள் ஐந்து, முஸ்லிம்கள் மூன்று. இவர்களுக்குத் தலைவர் பத்தொன்பது வயதுடைய பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அவர் தலைவரானதற்குப் பந்தாட்டத் திறமை காரணமன்று, சிம்மாசனமே காரணம்.

அந்த 1911 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு எப்படி இருந்தது? நமது வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா அப்போது சிறையில் இருந்தார். 1908-ல் உள்ளே போனவர் 1912-ல்தான் வெளியே வந்தார். வரும்போது பெருவியாதியோடு வந்தார். செக்கிழுத்த சிதம்பரம் பிள்ளையும் சிறையிலேதான். ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்டார். ஐந்து நாள் கழித்து, ஜூன் 22-ல், லண்டனில் முடிசூட்டு விழா நடந்தது. ஒரு பக்கம் சிறையும் துப்பாக்கியும். மறுபக்கம் வெள்ளைச் சராய் அணிந்த விசுவாசக் கோஷ்டி. தேசாபிமானிகள் எவரும் இந்த யாத்திரையைத் தங்கள் பெருமையாகக் கருத இடமில்லை என்றே மேலெழுந்தவாரியாகத் தோன்றும். நாமும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

ஆனால் இன்னொரு விஷயமும் உண்டு. மணியாச்சியில் வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதத்தில், ஜார்ஜ் அரசரை இழிவுபடுத்துவதற்காக அவர் பெயரோடு ‘பஞ்சமன்’ என்ற சொல் சேர்க்கப்பட்டிருந்தது. வாஞ்சியின் தியாகத்துக்குத் தலைவணங்குகிறவர்களும் இந்தச் சொல்லைக் கண்டு தலைகுனியத்தான் வேண்டும். அந்நிய அரசனைத் திட்டுவதற்கு நம்மவருக்குக் கிடைத்த மிகக் கேவலமான வசைமொழி, நமது சேரியில் வாழும் நமது சகோதரனின் ஜாதிப் பெயர்! அதே மாதத்தில், அந்தச் சொல்லால் குறிக்கப்படும் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் சீமையின் மைதானங்களில் நின்று இந்தியாவின் மானத்தைத் தனியொருவராய்த் தாங்கிக் கொண்டிருந்தார் என்பது நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் பல்வங்கர் பாலு. தோல் தொழில் செய்யும் சமார் வகுப்பினர். அவரும் அவர் தம்பி சிவராமும் ஹிந்துக்களுக்கு ஒதுக்கிய ஐந்து ஸ்தானங்களில் இரண்டைப் பெற்றுக் கப்பலேறினர். மகாராஜா சில ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டு விருந்துகளிலும் வைபவங்களிலும் பொழுது போக்கினார். கோஷ்டியின் சிறந்த மட்டையாளரான மிஸ்திரி அவருடைய காரியதரிசியாகையால், அவரையும் பெரும்பாலும் உடன் வைத்துக்கொண்டார். தலைவனும் தளபதியும் இல்லாத சேனை தோல்விமேல் தோல்வி கண்டது. மொத்தம் 23 ஆட்டங்களில் வெற்றி ஆறு, தோல்வி பதினைந்து, முடிவின்றிப் போனவை இரண்டு. இந்த இடிபாட்டுக்கு நடுவே ஸ்ரீ பாலு இடக்கையால் மெதுவாகச் சுழற்றிவிட்ட பந்துகளுக்கு விழுந்த விக்கெட்டுகள் 114. அப்போது அவர் முப்பத்தைந்து வயதை எட்டியவர். தோள் வலியோடு ஆடினவர். லெஸ்டர்ஷயரையும் ஸாமர்ஸெட்டையும் இந்தியர் வென்றபோது சகோதரர்கள் இருவரும் முன்னணியில் நின்றார்கள். ஆங்கிலக் கோஷ்டிகள் சில, இங்கேயே தங்கித் தங்களுக்கு ஆடும்படி ஸ்ரீ பாலுவை அழைத்ததாகவும் சொல்லுவார்கள்.

இத்தகைய வீரரை இந்நாடு எப்படி வளர்த்தது? புனாவில் பார்ஸிகளின் சங்கத்தில் மாதம் மூன்று ரூபாய்ச் சம்பளத்துக்கு மைதானத்தைப் பெருக்கி உருளை தள்ளினார். பின்னர் வெள்ளைக்காரரின் புனா கிளப்பில் நான்கு ரூபாய்க்கு வலை கட்டினார், கோடு போட்டார். துரைமார் மட்டை பழகுவதற்காக மணிக்கணக்கில் பந்து போட்டார். கிரெய்க் என்ற துரை, தம்மை ஒருமுறை வீழ்த்தினால் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை வழங்குகிறது. பந்து போடச் சொன்னார்களே ஒழிய ஒருநாளும் அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. இது துரைமார் செய்தது. ஹிந்துக்கள் செய்ததைப் பார்ப்போம். வெள்ளையரை வெல்ல வேண்டும் என்ற ஆசையால் புனா ஹிந்துக்கள் அவரைத் தம் கோஷ்டியில் சேர்த்தார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள், அதில் தீட்டில்லை. தேநீர் வேளை வந்ததும் மற்றவர்கள் பந்தல் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு வெளியே, குடித்தபின் உடைத்தெறியும் மண் குவளையில் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கும் தனி இடம்.

பந்தில் இல்லாத தீட்டு தேநீரில் எங்கிருந்து வந்தது? அந்தப் பந்தே மாட்டுத் தோலால் ஆனது. அதை உரித்து, ஊறவைத்து, பதனிட்டு, தைத்துக் கொடுத்தவன் எந்தத் தெருவில் இருந்தான் என்று ஆட வந்த ஆசாரசீலர்கள் விசாரிக்கவில்லை. திண்டுக்கல்வாசிகளுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பூட்டும் புகையிலையும்போல் தோலும் இவ்வூர்ப் பெயரோடு ஒட்டியது. சுண்ணாம்புக் குழியிலும் ஆவாரம்பட்டைத் தண்ணீரிலும் இடுப்பளவு நின்று தோல்ஷாப்புகளில் உழைத்தவர்களின் வாழ்க்கையை எழுதிய டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலுக்கு 2012-ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. அந்தத் தோலைச் சரக்காக எண்ணிச் சீமைக்கு ஏற்றுமதி செய்தவர்கள், அதைப் பதனிட்ட கையால் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பார்களா?

சீமையில் பேர் வாங்கித் திரும்பிய பின்னரும் ஸ்ரீ பாலுவுக்கு ஹிந்துக் கோஷ்டியின் தலைமை கிட்டவில்லை. 1913-ல் தலைமை பெற்ற எம்.டி. பை, அந்தக் கௌரவம் தம் நண்பர் பாலுவுக்கே உரியது என்று வெளிப்படையாகச் சொன்னார்; சொல்லியும் கிட்டவில்லை. 1920-ல் அவரைக் கோஷ்டியிலிருந்தே நீக்கியபோது, தம்பியர் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியேறினர். அவ்வளவுக்குப் பிறகே உபதலைமை கொடுத்தார்கள். 1923-ல், தீண்டாமை ஒழிப்பு தேசத்தின் காரியமென்று காந்தியடிகள் நாடெங்கும் உணர்த்தியிருந்த காலத்தில், விட்டல் தலைவரானார், ஐரோப்பியரை வென்றார், ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கிச் சென்றார்கள். அண்ணனுக்குக் காலம் கடந்துவிட்டது. பிற்காலத்தில், 1932-ல், புனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஸ்ரீ பாலுவும் ஒருவர். 1937-ல் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகப் பம்பாயில் தேர்தலில் நிறுத்தியது, வென்றவர் அம்பேத்கர். தலைமை வேண்டிய காலத்தில் கொடுக்காமல், ஓட்டு வேண்டிய காலத்தில் தேடிச் சென்றார்கள் என்று எவரேனும் குறைகூறினால் நம்மிடம் தக்க பதில் இல்லை.

இக்கொடுமை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு முதன்முதலாக, 1868-ல், சென்ற கோஷ்டியின் ஆட்டக்காரர்கள் அந்நாட்டுப் பூர்வகுடிகளே. அவர்கள் 47 ஆட்டங்கள் ஆடிப் பதினான்கில் வென்றார்கள். அந்த யாத்திரைக்கு மறு வருஷமே விக்டோரியா அரசாங்கம், பூர்வகுடிகள் எங்கே வசிக்கலாம், எங்கே வேலை செய்யலாம் என்பதை அதிகாரிகள் தீர்மானிக்கும் சட்டத்தை இயற்றியது. அதைச் செய்தவர்கள் அந்நிய வெள்ளையர். நமக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

“விளையாட்டில் அரசியலைக் கலக்கலாமா?” என்று கேட்பார் உண்டு. 1932-ல் இந்தியக் கோஷ்டி மறுபடி சீமைக்குப் போய் லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்ட் ஆடிற்று. அந்தக் கோஷ்டியில் சேர விஜய் மெர்ச்சண்ட் மறுத்தார். தலைவர்கள் சிறையில் இருக்கும்போது ஆடப் போகமாட்டேன் என்றார். அதனால் அவர் புகழ் குறைந்ததா? பம்பாயில் ஹிந்து, முஸ்லிம், பார்ஸி, ஐரோப்பியர் என்று மதவாரியாக ஆடிவந்த பந்தயத்தைக் காந்தியடிகள் 1940-ல் கண்டித்தார். அப்போது பலர் அவரைப் பழித்தார்கள். 1946-ல் அந்தப் பந்தயமே ஒழிந்தது. இன்று எவரும் அதைத் திரும்பக் கேட்பதில்லை.

பம்பாயில் ஒழிந்தது நமது கிராமங்களில் ஒழியவில்லை. மேலே நாம் குறிப்பிட்ட விஷயம் இதுதான். ஒரே ஊரின் பெயரால் இரண்டு கோஷ்டிகள் பந்தயத்துக்கு வருகின்றன. ஒன்று ஊரின் கோஷ்டி, மற்றொன்று காலனியின் கோஷ்டி. சட்டையின் நிறமும் கோஷ்டியின் பெயரும் பார்த்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். நாம் நேரில் கண்ட ஒரு பந்தயத்தில், காலனிக் கோஷ்டி தன் பெயரைக் கொடுக்கச் சென்றபோது, இடமில்லை, நிரம்பிவிட்டது என்றார்கள். மறுநாள் வெளியூர்க் கோஷ்டி ஒன்று வந்து சேர்ந்துகொண்டது. ஊர்ப்பெயர் வேண்டாம், ஒரு ஊரோடு நிற்கும் வியாதியன்று இது. காலனிக் கோஷ்டி வென்ற மாலையில் கைகலப்பு மூண்டு, பரிசளிப்பு நடக்காமலே கூட்டம் கலைவதும் உண்டு. பந்தை வெகு வேகமாகப் போடக்கூடிய பையன் ஒருவன் காலனியில் இருந்தால், வெளியூர்ப் பந்தயத்துக்கு மட்டும் அவனை இரவல் வாங்கிக்கொள்வார்கள். வென்று திரும்பும் வேன் ஊர் மந்தையில் நிற்கும். அவன் அங்கே இறங்கித் தன் தெருவுக்கு நடந்து போவான். பந்தல் உள்ளே விருந்து நடக்க, புனாவில் ஸ்ரீ பாலு வெளியே நின்றாரே, அதற்கும் இதற்கும் என்ன பேதம்? தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை இந்த ஜில்லாவின் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இப்பந்தயங்களைத் தனியார் விஷயமென்று தள்ளிவிட முடியாது. கோப்பை கொடுப்பவர்கள் அரசியல்வாதிகள். எல்லாக் கட்சியினரும் உளர். பந்தும் மட்டையும் வாங்கிக் கொடுப்பவர்களும், மேடையேறிக் கை குலுக்கிப் படமெடுத்துக்கொள்பவர்களும் அவர்களே. சமத்துவம் பேசாத கட்சி இன்று தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகையால் நாம் கேட்பது பெரிய தியாகமன்று. பணம் கொடுக்குமுன் இரண்டு நிபந்தனைகள் விதியுங்கள். ஓர் ஊருக்கு ஒரே கோஷ்டி, அதில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கவேண்டும் என்பது ஒன்று. ஆட்டத்தில் வல்லவன் எவனோ அவனே தலைவன், எந்தத் தெருவானாலும் சரி என்பது மற்றொன்று. இதற்கு இசையாத பந்தயத்துக்குக் கோப்பையும் இல்லை, கிடாயும் இல்லை, தட்டியில் உங்கள் முகமும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

முதல் வருஷம் சில ஊர்களில் பந்தயம் நின்றுபோகலாம். ஓட்டு குறையும் என்று உங்கள் வட்டச் செயலாளர் எச்சரிக்கவும் கூடும். புனா ஹிந்துக்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. அடுத்த கோடைக்கான தட்டிகள் பங்குனியிலேயே அச்சுக்குப் போய்விடும். அதற்குள் உங்கள் கமிட்டிகளைக் கூட்டி முடிவு செய்யுங்கள். தட்டியின் அடியில் நிபந்தனைகள் இரண்டையும், உங்கள் பெயரை அச்சிடும் அதே அளவு எழுத்தில், அச்சிடச் சொல்லுங்கள்.