சரிபாதி என்றால் சரியா?

பேரன் புது போனைக் காட்டி, "தாத்தா, இதுல எட்டு கோர் இருக்கு" என்றான். "எட்டும் ஒரே வேகமா?" என்றேன். "இல்ல, நாலு பெரிசு, நாலு சின்னது." எனக்கு 1996 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் மேற்பார்வையாளர். இரண்டே மெஷின்கள். ஒன்று பழைய 486, மற்றது புதிதாக வந்த பென்டியம். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கை 12 கட்டுகளாக்கி, ஆளுக்கு 6 என்று கொடுப்பேன். பாரபட்சம் பார்க்காதவன் என்று எனக்கே பெருமை!

பென்டியம் மணிக்கு 3 கட்டு முடிக்கும், 486 ஒன்றுதான். அது 2 மணி நேரத்தில் சும்மா நிற்கும். இது 6 மணி நேரம் இழுக்கும். ஒருமுறை சம்பளப் பட்டியல் தாமதமாகி, 486-ல் உட்கார்ந்த பையனுக்கு மெமோ போனது. கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

9, 3 என்று பிரித்திருந்தால் இரண்டும் 3 மணி நேரத்தில் முடிந்திருக்கும். அதைவிட எளிய வழி, கட்டுகளை நடுவில் வைத்து, "முடித்தவர் அடுத்ததை எடுங்கள்" என்பது. கட்டு சின்னதாக இருக்கவேண்டும். கடைசியில் ஒரு பெரிய கட்டு மெதுவான மெஷினிடம் சிக்கினால் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். ரொம்பவும் பொடியாக்கினால் எடுத்து வைப்பதிலேயே நேரம் போய்விடும்.

பெரிய கோரையும் சின்ன கோரையும் சேர்த்து வைக்கும் முறையை ஆர்ம் நிறுவனம் 2011-ல் அறிவித்தது. 2021-ல் இன்டெலும் தன் 12-ஆம் தலைமுறை சிப்களில் அதேபோல் செய்தது. 2019-ல் வந்த லினக்ஸ் 5.0, எந்த கோரில் போட்டால் மின்சாரம் மிச்சமாகும் என்றும் பார்த்து வேலை கொடுக்கக் கற்றுக்கொண்டது. சின்ன கோர் மட்டமானதல்ல. பாட்டு ஓடுவது போன்ற லேசான வேலையை அது பார்த்துக்கொண்டால்தான் பேட்டரி நீடிக்கும்.

சமமாகப் பிரிப்பது சுலபம். நியாயமாகப் பிரிக்க, யார் கையில் என்ன மெஷின் இருக்கிறது என்று எழுந்துபோய்ப் பார்க்கவேண்டும். நான் பார்க்கவில்லை. அந்தப் பையனும் இப்போது ஓய்வை நெருங்கியிருப்பார். அந்த மெமோ என் பெயருக்குப் போயிருக்க வேண்டியது.