வடநெம்மேலியில் தொடங்க வேண்டிய சட்டக் கல்வி

சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டத்தை ஜீவனோபாயமாகக் கொள்ள விரும்பும் நம் இளைஞர்களுக்கு, அந்த உத்தியோகம் ஜெனீவாவிலும் மாண்ட்ரீலிலும், பல தேசத்துப் பிரதிநிதிகள் ஒரு காற்புள்ளிக்காக இரவெல்லாம் வாதாடும் மண்டபங்களிலுமே இருப்பதாக ஓர் எண்ணம் நிலைத்துவிட்டது. செங்கல்பட்டு மாவட்டத்து மாணவர்களும் அவ்வாறே எண்ணுவாராயின், மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையிலுள்ள வடநெம்மேலியை அவர்கள் கவனித்ததில்லை என்றே கொள்ள வேண்டும்.

பாம்புத் தோல் வியாபாரத்தை நம்பிப் பிழைத்த இருளர் பழங்குடியினர், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை முடக்கியபின், பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-இல் அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசின் அனுமதியோடு பிடித்து, விஷம் எடுத்தபின் மீண்டும் வெளியில் விட்டுவிடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்குப் பெரும்பாலும் இவ்விஷமே மூலப்பொருள். 2023-இல் இருளரான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. சங்கம் பெறுவது விற்ற விஷத்துக்கு விலை. அதன் பின்னாலுள்ள அறிவுக்குப் பங்கு உண்டா என்பது வேறு கேள்வி.

உயிரினங்களாலும் அவை பற்றிய பரம்பரை அறிவாலும் லாபம் அடைபவர், அவற்றைக் காத்தவர்க்கு நியாயமான பங்கு தர வேண்டும் என்பதே 1992-இல் ரியோவில் பிறந்த பல்லுயிர் உடன்படிக்கையும், 2014-இல் அமலுக்கு வந்த நகோயா நெறிமுறையும், நமது 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டமும் வகுத்த நியதி. அச்சட்டத்தை நிர்வகிக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையமோ டில்லியிலன்றி, நம் பக்கத்துத் தரமணியிலேயே இருக்கிறது. அச்சட்டத்தின் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம், சாஸ்திர நூல்களில் தொகுக்கப்பெற்ற அறிவைப் பயன்படுத்துவோருக்கு அப்பங்கீட்டிலிருந்து விலக்களித்துவிட்டது. இருளர் அறிவு அந்நூல்களில் ஏறாதது, ஆகவே அவ்விலக்கு அதற்குப் பொருந்தாது. ஆயினும் அவ்வறிவு இன்னாருடையது என்று நிலைநாட்ட, உள்ளாட்சிதோறும் எழுதப்பட வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைவிட உகந்த ஆதாரம் எது? தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அப்பதிவேடுகளுக்கு விதித்த 2020 ஜனவரிக் கெடுவுக்கு அஞ்சி, நாடெங்கும் அவசரத்தில் நிரப்பப்பட்ட ஏடுகள் அந்தப் பாரத்தைத் தாங்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

செங்கல்பட்டிலும் புதுப்பாக்கத்திலும் உள்ள அரசு சட்டக் கல்லூரிகள், தம் மாணவரை ஒரு பருவமேனும் இருளர் குடியிருப்புகளுக்கு அனுப்பி, அப்பதிவேடுகளைத் திருத்தி எழுதச் செய்ய வேண்டும். எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதை இருளரே தீர்மானிக்கட்டும்.